உதடு அசைகிறது, சொல் வரவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘வசனமும் வண்ணமும் இல்லாத புதுப்படம் இன்றைய ரசிகருக்கு இழப்பா, நிறைவா?’ இதுதான் தலைப்பு. நிறைவே என்று பேச வந்திருக்கிறேன்.

கலரும் ஒலியும் கையில் இருக்கும்போது வேண்டாம் என்பது வீண் பிடிவாதம், உட்கார்ந்து பார்க்கப் பொறுமை வராது என்றார் எதிரணித் தோழர். 2011-இல் வந்த ‘தி ஆர்ட்டிஸ்ட்’ படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது நானும் பத்து நிமிடம் தவித்தேன். உதடு அசைகிறது, சொல் வரவில்லை. வசனத்தை எழுதிக் காட்டும் அட்டை எப்போது வரும் என்றே காத்திருந்தேன். அப்புறம் அந்தக் காத்திருப்பு எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது.

ஒரு காட்சி சொல்கிறேன். ஊமைப்பட நாயகனின் ஒப்பனை அறைக்குள் ஒரு துணை நடிகை தனியாக நுழைகிறாள். அவனுடைய கோட்டு அங்கே தொங்குகிறது. அதன் ஒரு கைக்குள் தன் கையை நுழைக்கிறாள். அந்தக் கை அவள் இடுப்பை வளைத்துப் பிடிக்கிறது. அவள் கைதான், ஆனால் அணைப்பது அவன்! இந்த இடத்துக்கு என்ன வசனம் எழுதுவீர்கள்?

ஒலி இல்லை என்றாரே, இந்தப் படத்தில் கேட்டது போல் ஓர் ஒலியை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பேசும்படம் வரப்போகிறது என்று அறிந்த நாயகனுக்கு ஒரு கெட்ட கனவு. கண்ணாடித் தம்ளரை மேசைமேல் வைக்கிறான்: ‘டக்’. அதுவரை இசையை மட்டுமே கேட்ட காது திடுக்கிடுகிறது. நாய் குரைக்கிறது, பெண்கள் சிரிக்கிறார்கள். அவன் கத்துகிறான், அவன் குரல் மட்டும் வரவில்லை. கடைசியில் ஓர் இறகு தரையில் விழுகிறது, இடி விழுந்த மாதிரி. தம்ளர் வைக்கும் ஓசை எல்லாப் படத்திலும்தான் இருக்கிறது, நாம் என்றைக்குக் கவனித்தோம்?

சரி, வண்ணம். இந்தப் படத்தைக் கலர் பிலிமில் எடுத்து, பிறகுதான் கறுப்பு வெள்ளையாக மாற்றினார்கள். வழியில்லாமல் விட்டதல்ல, யோசித்து விட்டது. சிறந்த படம் உட்பட 5 ஆஸ்கர் விருதுகள் கிடைத்ததைக்கூட நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிது கடைசிப் பகுதியில் வரும் ஒரு சொல்.

நொடித்துப்போன நாயகன் துப்பாக்கியை வாயில் வைக்கிறான். கோட்டுக்குள் கைவிட்ட அந்த நடிகையோ அவனைத் தேடிக் காரில் பறந்து வருகிறாள். திரையில் ஒரே சொல்: ‘பேங்!’ எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அடுத்த நொடி, அவள் கார் மரத்தில் மோதி நிற்கிறது. ஒலி இருந்திருந்தால் எது வெடித்தது, எது மோதியது என்று காது உடனே காட்டிக்கொடுத்திருக்கும். எதிரணி நண்பரே, அந்த ஒரு நொடியை உங்கள் வசனப் படத்தில் எப்படி எடுப்பீர்கள்?

நன்றி, வணக்கம்.