தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி

நேயர்களுக்கு வணக்கம்.

கீழக்கரையிலோ தொண்டியிலோ ஐம்பது வயது தாண்டிய யாரிடமாவது நாய்க்கடி ஊசி என்று சொல்லிப் பாருங்கள். கை தானாக வயிற்றுப் பக்கம் போகும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி! அந்தப் பயத்தில் நாய் கடித்ததையே வீட்டில் மறைத்த பிள்ளைகள் உண்டு. நான் இன்று பேச வந்தது நாய்க்கடியைப் பற்றி அல்ல. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நம் நரம்புகளின் உறையைத் தின்கிற நோய்களைப் பற்றி. ஆனால் இந்த ஆராய்ச்சிக்கு வழி திறந்துவிட்டதில் அந்த ஊசிக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் உறை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நரம்பு இழைகள் பலவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்புப் படலம் சுற்றியிருக்கிறது. உறை உள்ள தடித்த இழையில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில்கூடப் போகும். உறை இல்லாத மெல்லிய இழையில் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான். கரண்டு வயர் மேல் இருக்கும் ரப்பர் மாதிரி என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். உப்புக்காற்றில் வெடித்துப்போன வயர் உறை மறுபடி வளராது, மயலின் ஓரளவு வளரும். அதனால்தான் ஒரு கண்ணில் பார்வை மங்கியவர் சில வாரங்களில் தேறிவிடுகிறார். தேறியதும் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதை நிறுத்தியும் விடுகிறார்.

சரி, ஊசிக்கு வருவோம். 1911-இல் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் ஒரு தடுப்பூசி தயாரித்தார். வெறிநாய்க்கடிக் கிருமியை ஆட்டு மூளையில் வளர்த்து, பீனால் சேர்த்துக் கிருமியைக் கொன்று, அந்த மூளைக் கரைசலையே ஊசியாகப் போடுவது. நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அது தயாரானது. எத்தனையோ பேரைக் காப்பாற்றிய ஊசி அது, அதை மறுக்க முடியாது. ஆனால் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு இரண்டொரு வாரத்தில் கால் விழுந்தது, சிறுநீர் அடைத்தது, சிலர் நினைவிழந்தார்கள். சில நூறு பேரில் ஒருவருக்கு என்று கணக்குச் சொன்ன ஆய்வும் உண்டு, சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்று சொன்ன ஆய்வும் உண்டு.

கிருமி சரியாகச் சாகவில்லையோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் 1930-களில் அதைச் சோதித்துப் பார்த்தார். கிருமியே இல்லாத, நோயில்லாத முயலின் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டார். குரங்குகளுக்குக் கை கால் தளர்ந்தது, மூளையில் மயலின் கரைந்திருந்தது. குற்றவாளி கிருமி இல்லை, கூடவே போன மூளைதான். அந்நிய மூளையைப் பார்த்துச் சினந்த எதிர்ப்பு சக்தி, சொந்த மூளையையும் அடித்திருக்கிறது. 1987-இல் தாய்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள், இதே வகை ஊசியால் பாதிக்கப்பட்ட தாய்லாந்துக்காரர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது, மயலினில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பு சக்தி செய்து அனுப்பும் தாக்குதல் புரதம், பலரிடம் மிகுந்திருந்தது.

இந்தியா அந்த ஆட்டு மூளை ஊசியை 2005 வாக்கில் முழுதாகக் கைவிட்டுவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் கையில் போடுகிறார்களே, அதில் மூளைத் திசு கிடையாது. நாய் கடித்தால் யோசிக்காமல் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சைக் கேட்டு யாராவது ஊசிக்குப் பயந்தால் பாவம் என்னைத்தான் சேரும்.

அதே புரதத்திலிருந்து ஒரு வேடிக்கையும் பிறந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் அந்தப் புரதத்தைப் போலச் செயற்கையாக ஒன்றைச் செய்தார்கள், விலங்குகளுக்கு நோயை உண்டாக்கிப் படிப்பதற்காக. அது நோயை உண்டாக்கவில்லை, தடுத்தது! கிளாட்டிராமர் என்ற அந்த மருந்துக்கு 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூளையிலும் முதுகுத் தண்டிலும் ஆங்காங்கே மயலின் உறை அழிகிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய்க்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள்.

எதிர்ப்பு சக்தி அடிக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, எதை அடிக்கிறது என்று தெரிய வேண்டும். என் பார்வையில் இந்தத் துறையின் நூறாண்டு உழைப்பும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். விடை கிடைத்த இடத்தில் வைத்தியமே மாறியிருக்கிறது.

பாசி எடுக்கக் கடலில் இறங்கும் ஒரு பெண்ணுக்கு விக்கல் வருகிறது என்று வையுங்கள். யாரோ நினைக்கிறார்கள் என்போம், ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்போம். விக்கலும் வாந்தியும் இரண்டு வாரம் நிற்கவில்லை. கேஸ் மாத்திரை கொடுக்கிறார்கள், குழாய் விட்டுப் பார்க்கிறார்கள், வயிறு சுத்தமாக இருக்கிறது. பிறகு தானே நின்றுவிடுகிறது. சில மாதம் கழித்து இரண்டு காலும் மரத்து விழுகின்றன, அல்லது ஒரு கண் இருண்டுவிடுகிறது. விக்கலுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று குடும்பம் நினைக்கும். சம்பந்தம் உண்டு. நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோய் அது. மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் ஓர் இடத்தையும், கண் நரம்பையும், முதுகுத் தண்டையும் தேடிப்பிடித்துத் தாக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம்.

1894-இலேயே பிரான்சில் தெவிக் என்பவர் இதை விவரித்திருந்தாலும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வகை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2004-இல் அமெரிக்க மேயோ கிளினிக்கில் வாண்டா லென்னன் குழு இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தனி ஆன்டிபாடி ஒன்றைக் கண்டுபிடித்தது. மறு ஆண்டே அது தாக்கும் இடமும் தெரிந்தது: அக்வாபோரின்-4 என்ற, செல்லுக்குள் தண்ணீர் போய்வரும் வாசல். அது இருப்பது மயலினிலேயே இல்லை, பக்கத்துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்லில்! துணை செல் செத்த பிறகுதான் உறை கரைகிறது. இதனால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு நல்ல மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா, இந்த நோயைக் கூட்டிவிடும். பெயர் மாறினால் மருந்தே வினையாகும். அதனால் ரத்தத்தில் அக்வாபோரின் சோதனையும், அதோடு மாக் என்ற இன்னொரு ஆன்டிபாடி சோதனையும் கேட்பது வீண் செலவு இல்லை. மாக் வகை நோயைக் குழந்தைகளிடம் நிறையப் பார்க்கிறோம். மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட் குழு இந்த நோய்களுக்கென்றே ஒரு பதிவேடு வைத்து ஆராய்ந்து வருகிறது. வெள்ளைக்காரர்களின் கணக்கை வைத்தே நம்மவர்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை என்ற நிலை அதனால் வருகிறது.

மருந்து விலையையும் சொல்ல வேண்டும். 2019-இல் அமெரிக்கா நியூரோமயலைட்டிஸுக்கு அனுமதித்த எகுலிசுமாப் என்ற மருந்து ஆண்டுக்குப் பல கோடி ரூபாய். நமக்கு அது பேச்சோடு சரி. ஆனால் ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசியை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. 2020-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் 38 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெறும் ஊசி போட்ட 19 பேரில் 7 பேருக்கு நோய் திரும்ப வந்தது. ரிட்டுக்ஸிமாப் போட்ட 19 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் லேசாகத் தள்ளிவிட முடியாது. போடுவதற்கு முன் காசநோய், மஞ்சள் காமாலை பி கிருமி இரண்டுக்கும் சோதித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இதை விடவே கூடாது.

அடுத்தது கில்லன்-பாரே. இது மூளையை விட்டு வெளியே வந்த நரம்புகளைத் தாக்குவது. பாதத்தில் தொடங்கி நாளுக்கு நாள் மேலே ஏறும் தளர்ச்சி. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கேம்பைலோபேக்டர் என்ற கிருமியின் மேல்புறமும் நம் நரம்பில் உள்ள ஒரு சர்க்கரைக் கொழுப்பும் ஒரே சாயலில் இருப்பதால் எதிர்ப்பு சக்தி ஏமாறுகிறது. (அந்த வகையில் உறையைவிட உள்ளே இருக்கும் இழைதான் அதிகம் அடிபடுகிறது என்பது வேறு விஷயம்.) 2025 ஜனவரியில் புனேயில் கொத்தாகப் பலருக்கு வந்ததே, அங்கே கெட்ட தண்ணீரைத்தான் சந்தேகித்தார்கள். லாரித் தண்ணீரையும் ஊற்றுத் தண்ணீரையும் நம்பியிருக்கும் நம் கரைக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

இந்த நோய்க்கு ஸ்டீராய்டு உதவாது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. நியூரோமயலைட்டிஸுக்கு அதே ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. கில்லன்-பாரேக்கு, பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலின் ஊசி, அல்லது ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்று. நால்வரில் ஒருவருக்கு மூச்சுக் கருவி தேவைப்படலாம், ஆகவே கால் தளர்ந்து ஏறுகிறது என்றால் காலைவரை காத்திருக்காமல் வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போய்விடுங்கள். இயந்திரம் இல்லாமலே சிறிது சிறிதாகப் பிளாஸ்மாவை மாற்றும் மலிவான முறையை டாக்காவில் 20 நோயாளிகளிடம் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். நம் கரையின் வாலிநோக்கத்துக்கும் டாக்காவுக்கும் பொருந்துகிற ஆராய்ச்சி என்று அதை நான் மதிக்கிறேன்.

வாலிநோக்கம் என்றதும் உப்பளம் நினைவுக்கு வருகிறது. உறை கரைந்த நரம்பில் உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே செய்தி தடைபடலாம். வெயிலில் பார்வை மங்கும், கால் இழுக்கும், நிழலுக்கு வந்தால் சரியாகும். 1890-இல் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர், உடல் உழைப்புக்குப் பின் பார்வை மங்குவதாக முதலில் பதிவு செய்தது இது. நோய் திரும்பிவிட்டது என்று இதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் குளிர்ந்த இடத்தில் ஒரு நாள் முழுக்க இருந்தும் சரியாகவில்லை என்றால் அது புதிய தாக்குதல், தாமதிக்கக் கூடாது. சங்கு குளிப்பவர்கள் மேலே வந்த சில மணி நேரத்தில் கால் விழுந்தால் அது இந்த நோய்களில் எதுவும் இல்லை, ரத்தத்தில் காற்றுக் குமிழ். அதற்கு வைத்தியமே வேறு, ஆக்சிஜன் கொடுத்தபடி கொண்டுபோக வேண்டும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் மட்டும், எதிர்ப்பு சக்தி எதை அடிக்கிறது என்ற அந்தக் கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. 2022-இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படை வீரர்களின் தகவல்களை வைத்துச் செய்த ஆய்வு, எப்ஸ்டீன்-பார் என்ற கிருமி தொற்றிய பிறகு இந்த நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று காட்டியது. ஆனால் அந்தக் கிருமி ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றுகிறது, நோய் வெகு சிலருக்கே வருகிறது. மிச்சக் காரணங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நோய்களில் ஏதாவது ஒன்று உள்ளவர்கள் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். எம்.ஆர்.ஐ. படம், டிஸ்சார்ஜ் சீட்டு, ரத்தச் சோதனைத் தாள் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரே பையில் போட்டு வையுங்கள். மதுரைக்குப் போனாலும் வளைகுடாவுக்குப் போனாலும் அந்தப் பை கூடவே போகட்டும். பழைய விக்கலை யாராவது அதில் எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. நன்றி, வணக்கம்.