விளங்காததற்குத் தலையாட்டாதீர்கள்

(ஹோட்டல் துறையில் வேலைக்குச் சேரவிருக்கும் பட்டதாரிகளும் டிப்ளோமா முடித்தவர்களும் பெற்றோருமாக ஹட்டனில் கூடிய கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகச் சற்றே திருத்தியிருக்கிறேன்.)

மேடையிலிருக்கும் பெரியவர்களுக்கும் வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம். பின்வரிசைப் பிள்ளைகளே, முன்னால் நாற்காலி காலியாகத்தானே இருக்கிறது, வாருங்கள். ஹோட்டலில் வேலை செய்யப் போகிறவர்கள் கதவோரம் ஒதுங்கினால் எப்படி?

உங்களில் சிலர் பதுளை ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள். சிலர் பண்டாரவளையிலோ கண்டியிலோ ஹோட்டல் ஸ்கூலில் படித்தவர்கள். 1964இல் தொடங்கிய ஸ்கூல் அது; மலைக்கும் வந்து சேர்ந்தது நம் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. படிப்பைப் பற்றிப் பேச உங்கள் விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் வருடம் நடக்கும் பயிற்சியைப் பற்றி. அதிலும் ஒரே ஒரு குறையைப் பற்றி. நம் பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை.

ஹோட்டல்களில் புதிதாகச் சேர்கிறவர்களைப் பழக்கும் வேலை எனக்கு. காலையில் பிரீஃபிங் நடக்கும். சுப்பர்வைசர் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து மடமடவென்று சொல்லிக்கொண்டே போவார். எந்த அறை செக் அவுட், எந்த மேசைக்குப் பிறந்தநாள் கேக், எந்த குரூப்புக்குப் பகல் சாப்பாடு பார்சல். கடைசியில் "விளங்கிச்சா?" என்பார். எல்லாத் தலையும் ஆடும். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையின் தலை முதலில் ஆடும். கொஞ்ச நேரத்தில் அதே பிள்ளை பேன்ட்ரிக்குள் வந்து இன்னொரு ட்ரெய்னியிடம் காதோடு கேட்கும்: "அண்ணே, அவர் என்ன சொன்னார்?" அந்த அண்ணனுக்கும் பாதிதான் தெரியும். மீதியை அவர் ஊகித்துச் சொல்வார்.

இது மண்டையில் சரக்கில்லாததால் வருவதில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு வார்த்தை அதிகம் பேசினால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்று தெரிந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். தோட்டத்தை நடத்தும் துரை சொன்னால் "சரிங்க", கணக்கப்பிள்ளை சொன்னால் "சரிங்க". நம் தாத்தா பாட்டிமார் பிழைத்த வழி அது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பழக்கத்தை யூனிஃபோர்மோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு ஹோட்டலுக்குள் போனால் ஆளைக் கவிழ்த்துவிடும்.

எப்படி என்று பாருங்கள். நுவரெலியாவில் ஒரு காலை நேரம். இந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் சீதா எலிய அம்மன் கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் சாப்பிட உட்கார்கிறது. பஃபேயில் இடியப்பம், பருப்பு, தேங்காய்ச் சம்பல். அந்த அம்மா சம்பலைக் காட்டி, "இது வெஜ்தானே தம்பி?" என்று கேட்கிறார். தம்பி எட்டிப் பார்க்கிறார். தேங்காய்ப்பூ, மிளகாய், வெங்காயம், தேசிக்காய்ப் புளி. தலை ஆடிவிடுகிறது. அதில் மாசி இடித்துப் போட்டிருக்கிறது. மாசி என்றால் காயவைத்த மீன். நம் வீட்டில் அது மீன் கணக்கிலேயே வராது, உப்பு மாதிரி ஒரு ருசிக்குப் போடுவோம். கோயிலுக்குப் போகும் சைவக்காரருக்கு அது மீன்தான். பருப்பிலும் சில குசினிகளில் மாசி விழும். கறிக் குழம்பு வழுவழுப்பாக இருந்தால் கஜு, அதாவது முந்திரிப்பருப்பு, அரைத்து விட்டிருக்கலாம். கஜு ஒத்துக்கொள்ளாத வெள்ளைக்காரப் பிள்ளை அதைச் சாப்பிட்டால் தொண்டை வீங்கி மூச்சே அடைத்துவிடலாம். அங்கே மன்னிப்புக் கேட்டுப் பயனில்லை.

அந்தத் தம்பி செய்ய வேண்டியது என்ன? "கொஞ்சம் இருங்கம்மா, குசினியில் கேட்டுவிட்டு வருகிறேன்." அவ்வளவுதான். கேட்பதையும் பக்கத்தில் நிற்கும் இன்னொரு ட்ரெய்னியிடம் கேட்கக் கூடாது. அந்தச் சம்பலைச் செய்தவரிடமோ ஷெஃபிடமோ கேட்க வேண்டும். திரும்பி வந்து அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு மேசையை மறந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள்! ஓடர் எடுக்கும்போதும் இப்படித்தான். எழுதியதை வாடிக்கையாளரிடம் ஒருமுறை திருப்பி வாசித்துக் காட்டுங்கள். "இவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று யாரும் நினைக்கமாட்டார்கள். கவனமான பையன் என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொன்று. கொழும்பில் படித்து, செய்முறைப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த ஒரு பிள்ளை நுவரெலியாவில் காலைச் சமையலுக்கு வருகிறது என்று வையுங்கள். அவித்த முட்டைக்குப் புத்தகத்தில் உள்ள நிமிடக் கணக்கை அப்படியே பிடிக்கிறது. முட்டை வெள்ளைக்கரு இறுகாமல் திரும்பி வருகிறது. மறுபடியும் அனுப்புகிறது, மறுபடியும் வருகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 100 பாகைக்குப் போகாது, 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு நெருப்பு வைத்தாலும் சூடு ஏறாது. முட்டைக்கும் பருப்புக்கும் கூடுதல் நேரம் கொடுத்தே ஆக வேண்டும். அதே குசினியில் வருடக்கணக்காக நிற்கும் ஐயாவுக்கு இது கைப்பழக்கம். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் சொல்லமாட்டார். அவர் துரைமார் பங்களாக்களில் சமைத்த அப்புமாரோடு கூடமாட நின்று, பார்த்துப் பழகியவர்; அவருக்கும் ஒருவரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. உங்கள் பட்டத்தை அவர் முன்னால் விரித்துக் காட்டாமல், "ஐயா, இது ஏன் இப்படி வருது?" என்று கேளுங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டால் இன்னும் நல்லது. ஹோட்டல் ஸ்கூலில் கிடைக்காத பாடம் அங்கேதான் இருக்கிறது.

கேட்பதைப் பற்றிப் பேசும்போது சொல்லுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றித் துரைமார் இருந்த பங்களாக்களில் சில இன்றைக்கு ஹோட்டல்கள். கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையே 1996இல் ஹோட்டலாகிவிட்டது. கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் இப்போது படுக்கையறைகள். இந்த மலைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் தேயிலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கொழுந்தை ஏன் வாட்டுகிறார்கள், உருட்டிய பிறகு நிறம் ஏன் மாறுகிறது, இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்றால் என்ன? அம்மா கொழுந்தெடுக்கிறார், அப்பா தொழிற்சாலையில் இருந்தார். பிள்ளையோ "ஐ டோன்ட் நோ சேர்" என்கிறது. தெரியாமல் இல்லை, சொன்னால் தோட்டத்து வரிசை வீடான லயத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடுமே என்ற கூச்சம். எனக்கு இதைக் கேட்டால் கோபம்தான் வரும். ஊரில் எல்லாரையும் விட உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தையா ஒளிப்பது? தமிழும் அப்படித்தான். அண்மைய வருடங்களில் இலங்கைக்கு அதிகம் பேர் வருவது இந்தியாவிலிருந்து. அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் ரிசெப்ஷனில் ஒரு தமிழ்க் குரலைக் கேட்டால் முகம் மலர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

சரி, இங்கே இரண்டு மூன்று மனேஜர்மாரும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் பங்கு உண்டு. ட்ரெய்னி என்று பெயர் வைத்து, ஆறு மாதமும் தட்டுக் கழுவ வைத்து, ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அனுப்புவது பயிற்சி ஆகாது. அது மலிவான வேலையாள். தட்டுக் கழுவ வேண்டாம் என்று சொல்லவில்லை, சில வாரம் கழுவட்டும். அப்புறம் ஹவுஸ்கீப்பிங், ரெஸ்டோரன்ட், ஃப்ரொண்ட் ஒஃபிஸ் என்று சுற்றி வரட்டும். ஒவ்வோர் இடத்திலும் இன்னார்தான் இவருக்குப் பொறுப்பு என்று ஓர் ஆளைக் காட்டுங்கள். கேள்வி கேட்கிற பிள்ளையைப் பார்த்து, "படித்துவிட்டு வந்தவருக்கு இதுகூடத் தெரியாதா?" என்று பத்துப் பேர் முன்னால் ஒருமுறை சொன்னால் போதும், அந்த வருடம் முழுக்க அந்த வாய் திறக்காது. பிரீஃபிங் முடிவில் "விளங்கிச்சா?" என்பதற்குப் பதிலாக, "நீ முதலில் எந்த அறைக்குப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளே, நேர்முகப் பரீட்சையிலேயே கேட்கத் தொடங்குங்கள். எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம்? நியமனக் கடிதம் எப்போது கையில் கிடைக்கும்? பில்லில் போடும் 10 வீதம் சேர்விஸ் சார்ஜ் ட்ரெய்னிக்கு உண்டா, எப்படிப் பங்கிடுகிறார்கள்? இது முக்கியம். அடிப்படைச் சம்பளம் சிறிது. ஏப்ரல் சீசனில் நுவரெலியா நிரம்பி வழியும்போது சேர்விஸ் சார்ஜ் கைநிறைய வரும், மழை மாதங்களில் சுருங்கிவிடும். ஏப்ரல் மாதக் காசை நம்பி சீட்டுப் போடாதீர்கள். சம்பளத்துக்குச் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் பிடிப்பது 8 வீதம், முதலாளி போட வேண்டியது 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதம் முழுக்க முதலாளியின் பொறுப்பு. சம்பளச் சிட்டையில் இதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மரியாதையாகக் கேளுங்கள்.

டுபாய், கட்டார் என்று உடனே கிளம்ப நினைப்பவர்களைத் தடுக்க என்னால் முடியாது. வீட்டுக் கடன் எனக்கும் தெரியும். ஒரு வருடம் இங்கே எல்லாப் பிரிவும் சுற்றிவிட்டுப் போனால் அங்கே கொஞ்சம் நல்ல இடத்தில் நிறுத்துவார்கள் என்பது மட்டும் என் எண்ணம்.

வரும்போது ஓர் அம்மா வாசலில் நிறுத்தி, "பொம்பளப் பிள்ளையை ராத்திரி வேலைக்கு எப்படிங்க அனுப்புறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் ஸ்டாஃப் குவாட்டர்ஸை நேரில் போய்ப் பாருங்கள். அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, பெண் பிள்ளைகளுக்குக் குளியலறை தனியா, நுவரெலியாக் குளிருக்குச் சுடுதண்ணீர் வருகிறதா, இரவு ஷிஃப்ட் முடிந்தால் எந்த வாகனம், யார் கூட வருவார், ஏதும் நடந்தால் யாரிடம் சொல்வது. அந்த ஆளின் பெயரையும் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒழுங்காக நடத்தும் ஹோட்டல் என்றால் மனேஜரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். காட்ட மறுத்தால் பிள்ளையை அங்கே சேர்க்காதீர்கள். வேறு ஹோட்டல் பார்க்கலாம்.