நிலாவைக் காட்டும் விரல்: ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை எதைக் கவனிக்க வேண்டும்?

[திரையில்: மொட்டை மாடி. பாட்டியின் இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தையின் ஆள்காட்டி விரல் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.]

வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருந்தால் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இரண்டு கேள்விதான். "நடக்கிறானா?" "பேச்சு வந்துருச்சா?" குழந்தை மருத்துவர் மூன்றாவதாக ஒன்று கேட்பார்: "எதையாவது பார்த்தா உங்களுக்கு விரல் நீட்டிக் காட்டுறானா?" முதல் இரண்டுக்கும் சட்டென்று பதில் சொல்லும் பெற்றோர் இதற்கு யோசிப்பார்கள். அந்த விரலில் இருந்தே தொடங்குவோம்.

விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு. அலமாரி மேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவைக் காட்டி "ம்ம்" என்பது ஒன்று. அது கேட்பது. நாய் ஓடும்போது விரலை நீட்டி, நாயைப் பார்த்து, திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்து, மறுபடி நாயைப் பார்ப்பது இன்னொன்று. குழந்தைக்கு அந்த நாய் வேண்டியதில்லை. தான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்களா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். முதல் வகை ஒரு வயதை ஒட்டியே வந்துவிடும். இரண்டாவது 18 மாதத்துக்குள் வர வேண்டும். பேச்சுக்கு அடித்தளம் இந்த இரண்டாவது வகைதான். சொல்வதற்கு இன்னொரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதானே சொல் தேவைப்படும்?

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தைப் பருவத்தை மாதக் கணக்கில் அடுக்கினார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, ஓராண்டை ஒட்டி வருகை. அதற்கு அடுத்து அம்புலி, அதாவது நிலாவை விளையாட அழைக்கும் பருவம். நம் வீடுகளில் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியதும் இதே பயிற்சிதான். இப்போது அந்த இடத்தில் செல்போன் இருக்கிறது. போனைக் குழந்தை பார்க்கும், ஆனால் போனைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் தேடாது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். குழந்தை அமைதியாக விளையாடும்போது எதிரில் உட்காருங்கள். அறையின் அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பொருளை நோக்கிக் கையை நீட்டி, "அங்க பாரு, காக்கா!" என்று சொல்லுங்கள். குழந்தையின் கண் காக்காவை நோக்கிப் போகிறதா, அல்லது உங்கள் விரல் நுனியிலேயே நிற்கிறதா? ஒருமுறை பார்த்து முடிவு கட்ட வேண்டாம். மூன்று நாள், வேறு வேறு நேரத்தில் செய்து பாருங்கள். கூடவே இதையும் கவனியுங்கள்: தண்ணீர் வேண்டும் என்றால் உங்களைப் பார்த்துக் கேட்கிறதா, அல்லது உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்க் குடத்தின் மேல் வைக்கிறதா? உங்கள் முகத்தைப் பார்க்காமல் உங்கள் கையை ஒரு கருவி போல எடுத்துப் பயன்படுத்துவது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

[திரையில்: ஒரு கோடு. இடது முனையில் 8.2 மாதம், வலது முனையில் 17.6 மாதம்.]

மாதக் கணக்கை எப்படிப் படிப்பது? உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் இந்தக் கணக்கை வெளியிட்டது. பிடிக்காமல் தானே நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆகவே பதினொன்றில் நடந்த பக்கத்து வீட்டுக் குழந்தையும் பதினாறில் நடந்த உங்கள் குழந்தையும் ஒரே வரம்புக்குள்தான். 18 மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால்தான் காரணம் தேட வேண்டும். தவழ்வதைப் பற்றியும் வீண் கவலை உண்டு. அதே ஆய்வில் 4.3 சதவீதக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை, நேராக நடந்துவிட்டார்கள். சக்கரம் வைத்த வாக்கர் மட்டும் வேண்டாம். அது நடையைத் தாமதப்படுத்தும், படியில் உருட்டியும் விடும். கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

எந்த வயதில் எது வர வேண்டும் என்று சொல்லும் மைல்கல் பட்டியல்களில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி-யின் பட்டியல்தான் இணையத்தில் அதிகம் சுற்றுகிறது. 2022-இல் அதைத் திருத்தினார்கள். இப்போது ஒரு வயதுக்கு நேரே எழுதியிருப்பது, அந்த வயதில் நூற்றுக்கு 75 குழந்தைகளாவது செய்யக்கூடியது. முன்பு இருந்தது ஏறக்குறைய பாதிப் பேர் செய்வது. அதனால் பழைய பட்டியலைப் பார்த்துப் பயந்தவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். ஆனால் புதிய பட்டியலில் இருப்பது வரவில்லை என்றால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும். 32 வாரத்தில் பிறந்தால் 40-க்கு எட்டு வாரம் குறைவு. நாள்காட்டிப்படி 18 மாதம் என்றால், மைல்கல் பார்க்கும்போது 16 மாதம். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அதற்குப் பிறந்த தேதிதான் கணக்கு.

இப்போது பேச்சு. 18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று சொல்லாவது சொல்ல முயல வேண்டும். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும்: "அம்மா வா", "பால் வேணா". இரண்டரை வயதில் ஏறக்குறைய 50 சொல். மூன்று வயதில் வெளியாளுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும்.

எதைச் சொல் என்று எண்ணுவது? உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பொருளுக்கு ஒரே ஒலியை, தானாக, ஒவ்வொரு முறையும் சொன்னால் அது சொல். சோற்றுக்கு "மம்மம்", வண்டிக்கு "பூம்", நாய்க்கு "வவ்" எல்லாம் கணக்கில் வரும். தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தால் இரண்டையும் கூட்டுங்கள். தமிழில் "தண்ணி" ஒன்று, ஆங்கிலத்தில் "வாட்டர்" ஒன்று, மொத்தம் இரண்டு. வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தாமதமாகாது. இதற்காகத் தமிழை நிறுத்தச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். ர, ற, ழ கடைசியாகத்தான் வரும். ழ-வைப் பொறுத்தவரை நம்மில் பலருக்கு இன்னும் வரவில்லை.

கணக்கில் சேராதது எது? ஏ முதல் இசட் வரை ஒப்பிக்கிறது, இருபது ரைம்ஸ் பாடுகிறது, விளம்பர வசனம் அப்படியே வருகிறது, ஆனால் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்கத் தெரியவில்லை. இது மனப்பாடம். விருந்தாளிகள் கைதட்டுவார்கள், பெற்றோரும் தாமதத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "இவங்க மாமாவும் நாலு வயசுலதான் பேசினான்" என்பது அடுத்த தடை. தாமதமாகத் தொடங்கிப் பிறகு சரியாகிவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் உங்கள் குழந்தை அந்த வகையா என்று வீட்டிலிருந்தபடி சொல்ல முடியாது. நாக்கில் வசம்பு உரசித் தடவினால் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் தடவுவது ஆபத்து, அதில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் தசைகளைச் செயலிழக்க வைக்கும். நாக்கடி ஒட்டியிருப்பது சில ஒலிகளைப் பாதிக்கலாம், ஆனால் சொற்களே வராமல் போவதற்கு அது காரணமில்லை.

[திரையில்: ஒரு கை தட்டையும் கரண்டியையும் எடுத்து, விளையாடும் குழந்தையின் பின்னால் போகிறது. மேலே சிவப்புப் பெருக்கல் குறி.]

பேச்சு தாமதம் என்றால் முதல் பரிசோதனை காதுக்கு. தட்டைத் தட்டிப் பார்த்தோம், திரும்பினான், காது நன்றாகக் கேட்கிறது என்பார்கள். அந்தச் சோதனையை நம்ப முடியாது. நிழல் அசைவதைப் பார்த்துத் திரும்பலாம், தரையின் அதிர்வில் திரும்பலாம். தவிர, காது கேளாமை எல்லா ஒலிக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. லாரி ஹாரனும் மேளமும் கேட்டு, ச, த, க போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகள் உண்டு. வார்த்தை அவர்களுக்கு அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். பிறந்தபோது செய்த சோதனையில் தேறியிருந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் இடையில் சளியால் நடுச்செவியில் நீர் கட்டியிருக்கலாம். காதுக்குள் ஒலி அனுப்பி உள்காது பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ., தேவைப்பட்டால் ஒலி மூளைக்குப் போகும் பாதையைப் பார்க்கும் பெரா, இரண்டுமே வலி இல்லாதவை. பெராவுக்குக் குழந்தை தூங்க வேண்டும், அதனால் அன்று காலை சீக்கிரம் எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கூட்டிப் போங்கள்.

காலுக்கு வருவோம். இரண்டு வயதில் ஓட வேண்டும், பந்தை உதைக்க வேண்டும். இரண்டரையில் இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வேண்டும். மூன்றில் கால் மாற்றிக் கால் வைத்துப் படி ஏறும், அதே போல இறங்குவது நான்கை ஒட்டி வரும். ஐந்தில் ஒற்றைக்காலில் நொண்டியடிக்கும்.

இதில் ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பையன் தரையில் உட்கார்ந்திருக்கிறான். எழுந்திருக்கச் சொல்லுங்கள். கையை ஊன்றிக் குப்புறத் திரும்புகிறான், பின்புறத்தைத் தூக்குகிறான், பிறகு ஒரு கையை முழங்காலில், அடுத்த கையைத் தொடையில் என்று தன் உடம்பின் மேலேயே ஏறி எழுகிறான். கெண்டைக்கால் தடித்து உருண்டையாக இருக்கிறது. பார்ப்பவர்கள் "நல்ல பலசாலி" என்பார்கள். இது தசைச் சிதைவு நோயின் அடையாளமாக இருக்கலாம். சி.கே. என்ற ஒரு ரத்தப் பரிசோதனை போதும், வழி தெரிந்துவிடும். "சோம்பேறி, அடிக்கடி விழுறான்" என்று திட்டி வருடத்தைக் கழிக்காதீர்கள்.

கையில் இன்னொரு நுட்பம். ஒன்றரை வயதுக்கு முன்பே எப்போதும் ஒரே கையைத்தான் நீட்டுகிறது, மறு கை மூடியே இருக்கிறது என்றால் வலக்கைப் பழக்கம், இடக்கைப் பழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. மறு கையில் பலவீனம் இருக்கலாம்.

பென்சில் பிடித்தல் பற்றிப் பள்ளிகளோடு சண்டை போட வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒன்றரையில் கிறுக்கல், இரண்டில் நெட்டுக்கோடு, மூன்றில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, நாலரையை ஒட்டிச் சதுரம், ஐந்தில் முக்கோணம். சாய்கோடுதான் கடைசி. ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' இரண்டு சாய்கோடு, நடுவில் ஒரு குறுக்குக்கோடு. மூன்றரை வயதில் எல்.கே.ஜி.யில் முதல் நாள் அதைத்தான் கொடுக்கிறார்கள்! குழந்தை தப்பாக எழுதினால் அது குழந்தையின் குறை இல்லை, வரிசையின் குறை. நெட்டுக்கோடும் படுக்கைக்கோடும் மட்டும் உள்ள ட, ப இதைவிட எளிது.

இன்னொரு குழப்பம்: செய்ய முடியவில்லையா, செய்ய விடவில்லையா? மூன்று வயது வரை ஊட்டிவிடும் வீட்டில் "தானே சாப்பிடுகிறதா" என்ற கேள்விக்கு "இல்லை" என்றுதான் பதில் வரும். பட்டியலில் முள்கரண்டி என்று இருந்தால் நம் குழந்தைக்குக் கையால் பிசைந்து சாப்பிடுவதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் தட்டை முன்னால் வைத்து, சிந்தினாலும் விட்டுவிடுங்கள். அதன் பிறகு பதிலை மாற்ற வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். விரல் நீட்டாதது, பேச்சு வராதது போன்றவற்றுக்கு இந்த இரண்டு வார விளையாட்டு வேண்டாம், நேராகப் போங்கள்.

திரை நேரம் பற்றி ஒரு வரி: இரண்டு வயது வரை வேண்டாம், அதற்குமேல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

எந்த வயதானாலும் காத்திருக்கக் கூடாதது ஒன்று இருக்கிறது. வந்த திறமை போவது. பத்து சொல் சொன்ன குழந்தை இப்போது இரண்டு சொல்லுகிறது, டாட்டா காட்டியது நின்றுவிட்டது என்றால் அந்த வாரமே மருத்துவர்.

[திரையில்: கிடைமட்டப் பட்டைகள் உள்ள ஓர் அட்டவணை. குறுக்கே ஒரு பென்சில்.]

அங்கே என்ன நடக்கும்? இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்குத் திருவனந்தபுரம் அட்டவணையை எடுக்கலாம். 17 பட்டைகள். குழந்தையின் வயதில் பென்சிலை நெட்டாக வைத்தால், அதற்கு இடப்பக்கம் முடிந்துவிடும் பட்டைகளை எல்லாம் குழந்தை செய்திருக்க வேண்டும். 16 முதல் 30 மாதம் வரை ஆட்டிசத்துக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள். மூன்று முதல் ஏழு புள்ளி வரை வந்தால் மறு கேள்விகள், எட்டோ அதற்கு மேலோ போனால் நேரடி மதிப்பீடு. இவை வடிகட்டிகள். சிக்கினாலே நோய் என்று அர்த்தமில்லை.

அரசு வழியில், 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும். அவர்கள் அனுப்பும் இடம் டி.இ.ஐ.சி. என்னும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம். பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை, காதுப் பரிசோதனை ஆகியவை அங்கே இலவசம்.

போகும்போது தாய்சேய் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை மருத்துவமனையில் ஒன்றும் செய்யாது, அழும். அதனால் வீட்டிலேயே அரை நிமிட வீடியோ மூன்று: விளையாடும்போது பேர் சொல்லிக் கூப்பிடுவது, ஏதோ வேண்டும் என்று கேட்பது, தரையிலிருந்து எழுவது. "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று மருத்துவர் சொன்னால், எந்தத் தேதி வரை, அதற்குள் எது வர வேண்டும் என்று கேட்டு, அட்டையிலேயே எழுதி வாங்கி வாருங்கள்.