பஸ் நிலையத்தில் தனியே ஒரு பிள்ளை

[காட்சி: வவுனியா பஸ் நிலையம், இரவு. வாங்கில் ஒரு பெடியன். மடியில் பாடசாலைப் பை.]

குரல்: கிளிநொச்சிப் பக்கமோ முல்லைத்தீவுப் பக்கமோ ஒரு பிள்ளை வீட்டைவிட்டு வெளிக்கிட்டால், ஏ9 வீதிக்கு வந்து, கையில் இருக்கிற காசுக்கு எந்த பஸ் போகுமோ அதில் ஏறிவிடும். காசு முடிகிற இடத்தில் இறங்கும். அப்புறம்?

கண்டவர்கள் முதலில் கேட்பது, “ஏன் ஓடி வந்தனி?” அதை நாளைக்குக் கேட்கலாம். இன்றைக்குக் கேட்க வேண்டியது, “சாப்பிட்டனியோ?”

[காட்சி: தொலைபேசித் திரையில் 1929]

1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். காசு இல்லை, தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுக்கலாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சபை அது. உடனடி ஆபத்து என்றால் பொலிஸ், 119.

[காட்சி: ஒரு அறை. பாய், தலையணை, மடித்த சாரம்.]

இப்படி வருகிற பிள்ளை முதல் இரவு தங்குகிற அவசரத் தங்குமிடத்தை எங்கள் ஆட்கள் சிறை மாதிரியோ அநாதை இல்லம் மாதிரியோ நினைத்துவிடுகிறார்கள். அது இரண்டும் இல்லை. குளிக்கத் தண்ணீர், மாற்று உடுப்பு, சூடான சோறு, இரவில் விழித்திருக்கும் ஒரு பெரிய ஆள். காயம் இருந்தால் மருந்து. முதல் இரவுக்கு இவ்வளவும்தான். பயம் போய் வயிறு நிறைந்தால்தான் பிள்ளை வாய் திறக்கும்.

அடுத்த வேலை, இப்படியான பிள்ளைகளின் விடயத்தைப் பார்க்கிற அரச அலுவலரான நன்னடத்தை உத்தியோகத்தருடையது. வீட்டுக்குப் போவார், அயலைக் கேட்பார், பாடசாலையில் விசாரிப்பார், அறிக்கையை நீதவானிடம் கொடுப்பார். பரீட்சைப் புள்ளிக்கு அப்பா ஏசியதுதான் காரணம் என்றால், பேசிச் சமாதானமாக்கி வீட்டுக்கே அனுப்பலாம். அடி, குடி, அல்லது வெளியில் சொல்ல முடியாத வேறு ஏதாவது என்றால்? பிள்ளை தப்பி வந்ததே அந்த வீட்டிலிருந்துதான். “பெற்றவர்தானே” என்று அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவதைப் போல ஆபத்தான நல்ல காரியம் இல்லை. அப்போது அம்மம்மாவோ சித்தியோ பொறுப்பெடுக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். அதற்கும் வழியில்லை என்றால்தான் சிறுவர் இல்லம்.

[காட்சி: தறப்பாள் கொட்டில்கள், பழைய படம்]

2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே படுத்தவர்களுக்கு, ஒரு கூரை என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அப்போது ஊரே இடம்பெயர்ந்தது. பக்கத்தில் தெரிந்த முகம் யாராவது இருந்தது. இந்தப் பிள்ளை தனியே இடம்பெயர்ந்திருக்கிறது. அதைப் போய் ‘ஓடுகாலி’ என்று சொல்கிறோம்!

சரி, 18 தாண்டியவர் என்றால்? பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கம் உண்டு. பத்தொன்பது வயதுப் பெடியனுக்கு இப்படி ஒரு கதவு லேசில் திறக்காது. இளந்தாரிதானே, எங்காவது படுப்பான் என்று விட்டுவிடுகிறோம்.

[காட்சி: மறுபடி பஸ் நிலையம்]

இன்னொன்று. பிள்ளையைப் படம் எடுத்து ‘பகிருங்கள்’ என்று பேஸ்புக்கில் போடாதீர்கள். யாருக்குப் பயந்து வந்ததோ, அந்த ஆளும் அதைப் பார்ப்பார். இடத்தையும் நேரத்தையும் 1929க்குச் சொல்லுங்கள். ஒரு பணிஸும் பிளேன்ரியும் வாங்கிக் கொடுத்து, ஆட்கள் வரும்வரை பக்கத்து வாங்கில் இருங்கள்.