எட்டுத் துணி, 140 சதுரம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். துணிச் சதுரங்களைச் சேர்த்து ஒற்றைக் கட்டிலுக்கு ஓர் ஒட்டுப்போர்வை தைப்பது எப்படி என்று இன்று பார்ப்போம்.

கோயில் தேரில் தொங்கும் தொம்பைகளை, அதாவது உருளை வடிவத் துணி அலங்காரங்களைப் பார்த்திருப்பீர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பையும் பார்த்திருப்பீர்கள். துணியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டித் தைக்கும் வேலை மதுரைக்குப் பழையது. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாற்றிய தையல்காரர்களின் கையில் அது இன்றும் இருக்கிறது. அந்த வேலையில் வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு, மஞ்சளுக்குப் பக்கத்தில் கரும்பச்சை என்று வைப்பதற்குக் காரணம் உண்டு. கூட்டத்தில் தூரத்தில் நிற்கிறவருக்கும் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இப்போது சந்தைக்கு வரும் புது அச்சுத் துணித் தொகுப்புகள். ஒரே வடிவமைப்பாளர் வரைந்த பெரிய பூ, அதே பூவின் சின்ன மொட்டு, அதோடு சேரும் கோடு, கட்டம், புள்ளி என்று பத்து இருபது துணிகள் ஒரே வண்ணக்கலவையில் வருகின்றன. குயில்ட் என்கிற ஒட்டுப்போர்வை தைப்பவர்களுக்காகவே அச்சடிக்கப்படும் இவை பெரும்பாலும் 44 அங்குல அகலப் பருத்தித் துணிகள். எதை எடுத்தாலும் எதனோடும் பொருந்தும் என்பதுதான் இவற்றின் கவர்ச்சி. குறையும் அதிலேயே இருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி நடுத்தர அழுத்தத்தில், அதாவது வெளிர் நிறமாகவும் இல்லாமல் அடர் நிறமாகவும் இல்லாமல், இருப்பதால், வெட்டித் தைத்து முடித்தபின் நான்கடி தள்ளி நின்று பார்த்தால் சதுரமே தெரியாது. மங்கலான ஒரே பரப்பாகத் தெரியும். பூவும் இலையும் அழகாக இருந்தும் போர்வை எடுபடாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

வழி எளிது. கடையிலேயே துணிகளை வரிசையாக விரித்து, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். நிறம் போனபின் எது வெளிர், எது அழுத்தம் என்பது பளிச்சென்று தெரியும். சிவப்பும் பச்சையும் நேரில் எதிரெதிராகத் தோன்றினாலும், படத்தில் ஒரே சாம்பலாக நிற்பதைப் பலமுறை காணலாம். வெளிராகத் தெரிகிறவை நான்கு, அழுத்தமாகத் தெரிகிறவை நான்கு, மொத்தம் எட்டுத் துணி போதும். நடுவில் நிற்கிறவற்றை, எவ்வளவு பிடித்திருந்தாலும், இந்தப் போர்வைக்கு எடுக்க வேண்டாம்.

இந்த எட்டில் ஐந்தைத் தொகுப்பிலிருந்து எடுங்கள். மீதி மூன்றுக்கு, புள்ளி புள்ளியாகச் சாயமேற்றிய மதுரைப் பருத்தித் துணியான சுங்குடி. தொகுப்பில் கிடைக்காத ஆழ்ந்த அரக்கும், கருநீலமும், வெள்ளைத் தரையும் சுங்குடியில் கிடைக்கும். அதன் சிறு புள்ளிகள் தூரத்தில் ஒற்றை நிறமாக அடங்கி, பக்கத்தில் வந்தால் மட்டும் தெரியும். பெரிய பூக்களுக்கு நடுவே கண்ணுக்கு ஓய்வு தருவதற்கு வெறும் பிளெயின் துணியைவிட இதையே நான் சிபாரிசு செய்வேன். ஒரு எச்சரிக்கை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய அசல் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியிலும் துணி சற்றே மேடிட்டுச் சுருங்கியிருக்கும். அப்படியே வெட்டினால், பிறகு இஸ்திரி போடும்போது சதுரம் விரிந்துவிடும். எனவே தண்ணீர் தெளித்து, நன்றாகச் சூடேறிய பெட்டியால் சுருக்கத்தை எடுத்த பிறகே அளக்க வேண்டும். மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும் போட்ட சுங்குடிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இப்போது அளவு. தாளும் பென்சிலும் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஒற்றைக் கட்டிலுக்கு 60 அங்குல அகலம், 84 அங்குல நீளம். தைத்து முடிந்த சதுரம் 6 அங்குலம் என்றால், அகலத்தில் 10, நீளத்தில் 14, மொத்தம் 140 சதுரம். ஒவ்வொரு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் வெட்டும் அளவு 6½ அங்குலம். 44 அங்குலத் துணியில் கரை போக 42 அங்குலம் தேறும். அதன் குறுக்கே வெட்டிய ஒரு பட்டையில் 6 சதுரம் கிடைக்கும். மூன்று பட்டைக்கு 18. எட்டுத் துணிக்கு 144. தேவைக்கு மேல் நான்கு உபரி.

மூன்று பட்டைக்கு 19½ அங்குலம் வேண்டும். அரை மீட்டர் என்பது 19 அங்குலத்துக்கு மேல் முக்கால் அங்குலம்கூட இல்லை. கணக்குக்குச் சரியாக இருக்கிறதே என்று அரை மீட்டர் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். துவைத்தால் பருத்தி நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுருங்கும். கடைக்காரர் கிழித்த ஓரத்தை நேர் செய்யவும் கொஞ்சம் போகும். மூன்றாவது பட்டை கிடைக்காது. ஒவ்வொரு துணியிலும் 60 சென்டிமீட்டர் கேளுங்கள். 36 அங்குல அகலத் துணியென்றால் ஒரு பட்டையில் 5 சதுரம்தான். அப்போது எட்டுக்குப் பதில் பத்துத் துணி வேண்டும். வெளிர் ஐந்து, அழுத்தம் ஐந்து.

வெட்டும் முன் எல்லாவற்றையும் தனித்தனியாக அலச வேண்டும். அடர் சிவப்பு, கருநீலத் துணிகளையும், அஜ்ரக், கலம்காரி போன்ற பாரம்பரியச் சாய வேலைத் துணிகளையும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, தண்ணீர் தெளிவாக வரும்வரை நீரை மாற்றுங்கள். பிறகு ஈரத் துணியின்மேல் வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணி இன்னும் தயாராகவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்த துணியில் ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தை உப்பும் பிடித்துவைக்காது, வினிகரும் பிடித்துவைக்காது. அது கழுவித்தான் போக வேண்டும். வெளிநாட்டுத் தொகுப்புகள் 5 அங்குலம், 10 அங்குலச் சதுரங்களாகவோ 2½ அங்குலப் பட்டைகளாகவோ வெட்டியே விற்கப்படுவதுண்டு. அவற்றை மட்டும் துவைக்கக் கூடாது. ஓரம் பிரிந்து அளவே போய்விடும்.

சக்கரக் கத்தியும் அதற்கான பாயும் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பழைய எக்ஸ்ரே பிலிமில் 6½ அங்குலச் சதுரம் ஒன்று துல்லியமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஊடுருவிப் பார்க்க முடிவதால் பூ எங்கே விழுகிறது என்று பார்த்து வைக்கலாம். கூர்மையான பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் உட்பக்கமாக வெட்டுங்கள். கத்தரிக்கோலில் இரண்டு மடிப்புக்கு மேல் வேண்டாம். அடியில் இருக்கும் துணி நழுவும். சதுரத்தின் விளிம்புகள் பாவுக்கும் ஊடைக்கும், அதாவது துணியின் நெடுக்கு இழைக்கும் குறுக்கு இழைக்கும், நேராக ஓட வேண்டும். மூலைவாட்டாக, அதாவது கிராஸாக, வெட்டிய விளிம்பு இழுத்தால் நீளும். அது வரிசையையே வளைத்துவிடும். கட்டமோ கோடோ அச்சிட்ட துணியில் அச்சு இழைக்குச் சாய்வாக விழுந்திருப்பதுண்டு. சாய்வு லேசாக இருந்தால் அச்சைப் பின்பற்றுங்கள், கண் பார்ப்பது அதைத்தான். அதிகமாக இருந்தால் அந்தத் துணியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். யானை, மயில் போல ஒரே திசையில் நிற்கும் உருவங்கள் இருந்தால் ஒவ்வொரு சதுரத்தின் பின்புறமும் மேல்முனையைக் குறித்து வையுங்கள். உருவம் கைப்பிடி அளவுக்கு மேல் பெரிதானால், 6 அங்குலச் சதுரத்தில் தலை ஒன்றில், வால் ஒன்றில் என்று சிதறிப்போகும்.

கால் அங்குலத் தையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரவிக்கை தைத்துப் பழகிய கை தாராளமாகத் துணி விடும். இங்கே அது ஆகாது. ஒரு வரிசையில் பத்துச் சதுரம், ஒன்பது இணைப்பு. ஒவ்வொரு தையலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உள்ளே தள்ளிப் போனால், இரு பக்கமும் சேர்ந்து இணைப்புக்கு எட்டில் ஒரு பங்கு குறையும். வரிசை முழுவதும் ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். எல்லா வரிசையும் ஒரே அளவு குறைந்தாலாவது சமாளிக்கலாம். ஒன்று குறைந்து ஒன்று குறையாமல் இருந்தால் சதுர முனைகள் சேரவே சேராது.

பள்ளிப் பிள்ளைகளின் வரைபடத் தாளை ஒரு கோட்டோடு சரியாக வெட்டுங்கள். வெட்டிய ஓரத்திலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் கோட்டில் ஊசி இறங்கும்படி தாளை மெஷினில் வையுங்கள். அழுத்தும் பாதத்தை இறக்கி, தாளின் வலது ஓரத்தை ஒட்டித் தட்டின்மேல் பிளாஸ்திரியை நான்கைந்து அடுக்கு ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்தத் திட்டை உரசிக்கொண்டே போனால் தையல் மாறாது. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். மடிப்பில் ஓர் இழை தடிமன் போகும் என்பதால் 6 வைக்கிறோம். சோதனைக்கு 2½ அங்குலப் பட்டை மூன்றைச் சேர்த்துத் தைத்து இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். அகலம் 6½ இருக்க வேண்டும், நடுப்பட்டை 2 இருக்க வேண்டும். குறைந்தால் பிளாஸ்திரியை ஊசிப் பக்கம் நகர்த்துங்கள். வீட்டிலிருக்கும் கால் மெஷினே இந்த வேலைக்குப் போதும். 14ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல், எல்லாத் துணியோடும் போகிற சாம்பல் நிறப் பருத்தி நூல்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, தரையில் விரித்த பெட்ஷீட்டின்மேல் சதுரங்களைப் பரப்புங்கள். வெளிர், அழுத்தம், வெளிர், அழுத்தம் என்று சதுரங்கப் பலகை முறையில் அடுக்கி, ஒரே துணி பக்கத்தில் பக்கத்தில் வராமல் பாருங்கள். படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையையும் அடுக்கி, முதல் சதுரத்தில் வரிசை எண் எழுதிய தாளைக் குண்டூசியால் குத்திவிடுங்கள். இரண்டிரண்டாகத் தைக்கும்போது நூலை அறுக்காமல் அடுத்த ஜோடியை உள்ளே விட்டால் தோரணம்போல வரிசையாக வெளியே வரும். நூலும் மிச்சம், வேகமும் கூடும். ஒற்றைப்படை வரிசைகளின் தையல் மடிப்பை இடப்பக்கமும் இரட்டைப்படை வரிசைகளின் மடிப்பை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றையொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே முனை சேர்ந்துவிட்டது தெரியும்.

ஒட்டுப்போர்வைக்கு மூன்று அடுக்கு: மேலே சதுரங்களைச் சேர்த்த ஒட்டுத்துணி, நடுவில் ஒரு துணி, அடியில் ஒரு துணி. அடித்துணியும் நடுத்துணியும் போர்வையைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, அதாவது 68க்கு 92 அங்குலம் இருக்க வேண்டும். ஐந்தரை மீட்டர் சுங்குடிச் சேலை ஒன்றில், கரையை எடுத்துவிட்டு 92 அங்குலத்தில் இரண்டு நீளம் வெட்டி நடுவில் இணைத்தால் அடித்துணி தயார். பழைய சேலையானால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நைந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் வைக்க, மதுரை வெயிலுக்குத் தடித்த பாலியெஸ்டர் ஃபைபர் வேண்டியதில்லை. துவைத்துத் துவைத்து மென்மையான எட்டு முழ வேட்டிகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்து ஓரடுக்காக வைத்தால் காற்றோட்டமாக இருக்கும், மெஷினின் கைக்கடியில் சுருட்டி நுழைக்கவும் எளிது. போடி பக்கத்து இலவம் பஞ்சு தலையணைக்கு அருமையான பொருள், இதற்கு உதவாது. வழுக்கும் இழை என்பதால் ஓரிடத்தில் நில்லாமல் ஓடி, துவைத்ததும் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும்.

அடித்துணியை மறுபுறம் மேலே தெரிய விரித்து, ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். மேலே வேட்டி, அதற்கு மேலே ஒட்டுத்துணி. நடுவிலிருந்து ஓரம் நோக்கி, 4 அங்குலத்துக்கு ஒரு வரியாக, வெள்ளை நூலில் நீளமான ஓட்டுத்தையல் போட்டு மூன்றையும் பிடியுங்கள். வண்ண நூல் பிரித்த பிறகும் புள்ளி விடும். பிறகு மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு 8 தையல், மேல் திருகைத் தளர்த்திப் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு, நீளவாக்கில் 3 அங்குலத்துக்கு ஒரு கோடு தையுங்கள். நடுக்கோட்டில் ஆரம்பித்து ஒரு பக்கமாக ஓரம்வரை போய், பிறகு திருப்பி மறுபாதி. ஒரு பாதிக்குள் எல்லாக் கோடும் ஒரே முனையிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் தைத்தால் இரண்டுக்கும் நடுவே துணி சாய்வாகச் சுருங்கும். அதைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

தைத்து முடித்தபின், மிஞ்சி நிற்கும் அடித்துணியையும் நடுத்துணியையும் ஒட்டுத்துணியின் ஓரத்தோடு வெட்டிவிடுங்கள். அந்த ஓரத்தை மூடும் ஓரப்பட்டைக்கு, அழுத்தமான சுங்குடி ஒன்றில் கூடுதலாக 60 சென்டிமீட்டர் வாங்கி, 2½ அங்குலப் பட்டை எட்டு வெட்டுங்கள். நேராக இணைத்தால் அந்த இடம் தடிக்கும், ஆகவே சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். மேல்புறத்தில் வைத்துத் தைத்துக்கொண்டு போய், மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்திக் கட்டிவிட்டு, பட்டையை மேல்நோக்கிச் சாய்த்து, மீண்டும் கீழே மடித்து அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். அந்தக் கால் அங்குலத்தைத் தாண்டித் தைத்துவிட்டால் மூலை கூராக வராது. பின்புறம் திருப்பிக் கையால் மறைதையல் போடுங்கள்.

முதல் துவைப்பு தனியாக, குளிர்ந்த நீரில். முறுக்கிப் பிழிய வேண்டாம். ஈரத்தில் கனம் அதிகம் என்பதால் ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் நடுத்தையல் இழுபடும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கொடிகளின்மேல் பரப்பி, பின்புறம் வெளியே தெரியும்படி நிழலில் காயப்போடுங்கள்.

வணக்கம்.