கம்மல் கதையையும் சொல்லுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஓட்டேரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வந்திருக்கும் என் சொந்தக்காரர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மறைந்த குடும்பப் பெரியவரை நிறைகளை மட்டும் சொல்லி நினைப்பதா, குறைகளையும் சேர்த்து நினைப்பதா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன், செத்தவரைக் குறை சொல்வது அவர் படத்தின் மேல் கல்லெறிவது மாதிரி என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

அண்ணே, எங்க ஏரியா சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாப் போஸ்டரிலும் ஒரே மனுஷன்தான் செத்துப்போகிறார். பாசத்தின் சிகரம், பண்பின் இமயம், பெயரும் படமும்தான் மாறும். என் தாத்தாவுக்கும் அப்படி ஒன்று அடித்தோம், ஆயா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு "யாருடா இது?" என்றாள்.

தாத்தாவுக்கு பி அண்ட் சி துணி மில்லில் வேலை. 1996-ல் மில்லை மூடிய பிறகும் விடியற்காலையில் குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, ஷிப்டுக்குப் போகிறவர் மாதிரியே டீக்கடை பெஞ்சில் போய் உட்காருவார். இதை எதிரணியும் சொல்லும், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லும். ஆனால் ஆயாவின் கம்மலைச் சேட்டுக் கடையில் வைத்துக் கேரம் போர்டு வாங்கிவிட்டு, "குழாயடியில எங்கனா விழுந்திருக்கும், போய்ப் பாரு" என்று அவளை நாலு நாள் தேடவிட்டாரே, அதை யார் சொல்வது?

சரி, அது சிரிக்கிற கதை. சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. என் அத்தையைப் பத்தாவதோடு நிறுத்திவிட்டார். சித்தப்பா இரண்டு பேரும் படித்தார்கள், அத்தை தையல் மிஷினில் உட்கார்ந்தாள். பதினாறாம் நாள் படத்திறப்பில் ஊரே புகழ்ந்துகொண்டிருந்தபோது அத்தை படத்துக்கு முன்னால் நின்று, "நைனா, என்னை மட்டும் ஏன் படிக்க வைக்கல?" என்று கேட்டுவிட்டு அழுதாள். எதிரணிக் கணக்குப்படி அது கல்லெறிதல். எனக்கு அன்றைக்குப் பேசினவர்களிலேயே அவள்தான் அப்பாவிடம் பேசினாள், மற்றவர்கள் எல்லாம் போஸ்டரிடம் பேசினார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். பல வருஷம் கழித்து என் அக்காவைப் பாரதி மகளிர் கல்லூரியில் சேர்க்க, முட்டி வலியோடு விண்ணப்பத்துக்கும் கட்டணத்துக்கும் வரிசையில் நின்றவர் அதே தாத்தாதான். எங்கள் வீட்டில் யாரும் போகச் சொல்லவில்லை. அத்தை கதையை மறைத்துவிட்டு இதை மட்டும் சொன்னால், ஒரு தாத்தா பேத்தியோடு பஸ்ஸில் போனார், அவ்வளவுதான். அவர் எதைச் சுமந்துகொண்டு அந்த வரிசையில் நின்றார் என்பது எங்கே தெரியப்போகிறது?

பிள்ளைகளுக்கு மரியாதை போய்விடும் என்றார் எதிரணி அண்ணன். இதற்குத் தாத்தாவே பதில் வைத்திருக்கிறார். அவருடைய அப்பாவும் அதே மில்தான். 1918-ல் அந்தத் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றி, திரு.வி.க. பேச்சைப் பற்றி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். அதே மூச்சில், 1921-ல் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதியாகப் பிரிந்ததையும், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததையும், கடைசியில் போராட்டம் தோற்றதையும் சொல்வார். "எங்கப்பன் அன்னைக்கு எந்தப் பக்கம் நின்னான்னு கேட்டேன், பதில் சொல்லாமலே செத்துட்டான்" என்பார். சொந்த அப்பாவையே அப்படி நினைத்த மனுஷனுக்கு நான் பூச்சு வேலை செய்தால் அவரே எழுந்து வந்து அடிப்பார்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன் நடுவர் அவர்களே. ஆயா மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். காதைப் பாருங்கள், கம்மல் இன்னும் வரவில்லை.