வாழைக்குழியில கெடச்ச பல்லு: யானையோடதா, எத்தனை வருசப் பழசு?

வணக்கம். இந்தக் கேள்வி தக்கலை பக்கத்துல இருந்து வந்திருக்கு. வாழை வைக்கக் குழி வெட்டும்போது ஒன்றரை அடி ஆழத்துல ஒரு பல்லு கெடச்சிருக்கு. கறுப்பா, கல்லு மாதிரி கனமா இருக்காம். யானைப் பல்லா, ஆயிரம் வருசம் இருக்குமான்னு கேட்டு, போட்டோவும் அனுப்பியிருக்காங்க. பக்கத்துல பத்து ரூபா நாணயத்தை வச்சு எடுத்தது ரொம்ப நல்லது. அந்த நாணயம் 27 மில்லிமீட்டர். பல்லு அதைவிடக் கொஞ்சம்தான் பெருசு.

முதல்ல, இது யானையோடது இல்ல. யானையோட கடவாய்ப்பல்லு ரொட்டித் துண்டுகளை வரிசையா நிறுத்தி ஒட்டின மாதிரி இருக்கும். அரைக்கிற பக்கத்துல குறுக்குக் கோடுகள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ஓடும். உங்க பல்லுல அப்படி இல்ல, வளைஞ்ச பிறைங்கதான் தெரியுது. பிறை இருந்தா அசைபோடுற மிருகம். பன்னின்னா பிறை இருக்காது, நம்ம கடவாய்ப்பல்லு மாதிரி மொட்டு மொட்டா இருக்கும்.

இனி மாடா, ஆடா, மிளாவா (கடமானா)? நாக்குப் பக்கம் ரெண்டு மடிப்புக்கும் நடுவுல ஒரு சின்னத் தூண் நிக்குது பாருங்க. ஆட்டுப் பல்லுல பொதுவா அது இருக்காது, அளவும் சிறுசு. மிளாவுக்குத் தூண் உண்டு. ஆனா பல்லோட உயரம் குறைவு, மேல்பூச்சும் கெட்டியா இருக்காது. உங்களோடது தேஞ்ச பிறகும் உயரமா, வெளிய தடிச்ச பூச்சோட இருக்கு. அதனால இது மாட்டு இனத்தோட மேல்தாடைக் கடவாய்ப்பல்லு. பசுவா எருமையான்னு ஒத்தப் பல்லை வச்சு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். அதுக்கு அடையாளம் தெரிஞ்ச பல்லுகளோட பக்கத்துல வச்சு ஒப்பிடணும்.

வயசுன்னு கேட்டா அதுல ரெண்டு கேள்வி இருக்கு. சாகும்போது மாட்டுக்கு என்ன வயசு, செத்து எத்தனை வருசம் ஆச்சு. முதல் கேள்விக்கு பல்லே பதில் சொல்லும். தலைப்பாகம் உயரமா, முனை தேயாம, வேர் முழுசா வளராம இருந்தா இளங்கண்ணு. தலை தேஞ்சு குட்டையாகி வேர் நீளமா இருந்தா கிழடு. உங்க பல்லு பாதிக்கு மேல தேஞ்சிருக்கு, நல்லா வளந்த மாடுதான். சந்தையில ரெண்டு பல்லு, நாலு பல்லுன்னு பாக்குறது கீழ்த்தாடை முன்பல்லை வச்சு. அந்தக் கணக்கை இதுல போடாதீங்க.

ரெண்டாவது கேள்வியிலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. கறுப்பு நிறம் வயசைக் காட்டாது. மண்ணுல இருக்கிற இரும்பு, மாங்கனீசு, அழுகின இலைதழையோட சாறு இதெல்லாம் பல்லுல ஏறும். தேங்காய்த் தொண்டு (மட்டை) அழுகப்போடுற சேத்துல கெடந்தா இன்னும் சீக்கிரமே கறுத்துப்போகும். கனமும் நம்பிக்கையான அடையாளம் இல்ல, மாட்டுப் பல்லு இயல்பாவே கனம். எலும்பு ஒண்ணும் இல்லாம பல்லு மட்டும் கெடச்சதாலயும் பழசுன்னு முடிவு கட்டாதீங்க. நம்ம செம்மண்ணு புளிப்பு மண்ணு, வருசத்துல ரெண்டு மழைக்காலம் வேற. எலும்பு கரைஞ்சு போயிடும். பல்லோட கெட்டியான ஓடான எனாமல்ல நூத்துக்கு 96 பங்கு தாதுப்பொருள், அதனால அது நிக்கும்.

ஆழமும் அப்படித்தான். செத்த மாட்டைத் தென்னை மூட்டுல புதைக்கிறது நம்ம ஊர் வழக்கம். மம்பட்டி போட்டுப் போட்டுக் கிளறின மண்ணுல, பெருச்சாளி வளையில, ஒரு பல்லு எங்க வேணும்னாலும் இறங்கும்.

கார்பன் சோதனைக்கு அனுப்பலாமா? டெல்லியில, அகமதாபாத்துல அதுக்கான கருவி இருக்கு. ஆனா அவங்களுக்கு வேண்டியது பல்லுக்குள்ள இருக்கிற கொலாஜன்ங்கிற புரதம். நம்ம மழையிலயும் சூட்டுலயும் அது சீக்கிரம் அழியும். அது போயிருந்தா எனாமலை வச்சு எடுக்கிற கணக்குல மண்ணோட கார்பன் கலந்து குழப்பும். வீட்டுல சூடான ஊசியை வேர்ப்பக்கம் வச்சுப் பாக்குறவங்க உண்டு. முடி கருகுற வாடை வந்தா கொலாஜன் மிச்சம் இருக்கு. வாடை வரலன்னா பழசுன்னு அர்த்தம் இல்ல, நம்ம மண்ணுல அது போயிருக்கலாம்.

அப்ப எதை நம்புறது? பல்லு கெடந்த குழியை. குழியை இன்னும் மூடலன்னா சுவரைச் சுரண்டிப் பாருங்க. கிளறாத அடுக்குல, பல்லுக்குக் கீழே மங்களூர் ஓட்டுத் துண்டு இருந்தா, பல்லு அங்க வந்தது 1865-க்குப் பிறகு. அந்த ஓட்டுத் தொழிற்சாலையே அந்த வருசம்தான் மங்களூர்ல தொடங்குச்சு. திருவிதாங்கூர் காசு, சிமெண்ட், பிளாஸ்டிக் எது கெடந்தாலும் இதே கணக்குதான். மேல கெடந்த பொருளை வச்சு இப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொண்ணும் தரையில இருந்து எத்தனை சென்டிமீட்டர்னு அளந்து, அளவுகோலோட போட்டோ எடுங்க.

பல்லைப் புளி, எலுமிச்சை, ஆசிட் எதுலயும் போடாதீங்க, எனாமல் அரிச்சுப் போகும். மெத்துன்னு பிரஷும் பச்சைத் தண்ணியும் போதும். வெயில்ல காய வைக்காதீங்க, உள்பாகம் சுருங்கி எனாமல் வெடிச்சுப் பிரியும். நிழல்ல நாலு நாள் வையுங்க. வார்னிஷ், ஃபெவிகால் பூசினா பிறகு எந்தச் சோதனைக்கும் உதவாது.

தோண்டும்போது தடிச்ச மண்தாழியோட விளிம்போ, கறுப்பு சிவப்புப் பானை ஓடோ தெரிஞ்சா அதோட நிறுத்திருங்க, அது பழங்காலப் புதைகுழியா இருக்கலாம். எதையும் வெளிய எடுக்காம, குழியை ஓலை போட்டு மூடிட்டு கிராம நிர்வாக அலுவலர்ட்ட சொல்லுங்க.